ஆறவிடாத சூடு

வானியல் ஆய்வுக்கூடத்தில் தலைமை ஆய்வாளர் வீசிய நாற்காலியில் கணினித் திரை சுக்குநூறானது. தெறித்த சில்லு ஒன்று துணை ஆய்வாளரின் நெற்றியைக் கிழித்தது. கணினியில் அவர்கள் உருவாக்கிய விண்மீன் மண்டலத்தில் வாயு கொட்டிக் கிடந்தும் புது விண்மீன் ஒன்றுகூடப் பிறக்காததுதான் தலைமை ஆய்வாளரின் கோபத்துக்குக் காரணம்.

"இன்னும் வாயுவைக் கொட்டுங்கடா!"

இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "வாயுவுக்குக் குறைச்சல் இல்ல சார். குளிர்ந்தாத்தான் அது சுருங்கி விண்மீனாகும். நடுவுல இருக்கிற கருந்துளை சீறிச் சீறி அதைக் கொதிக்க வைக்குது. ஆறவே விடமாட்டேங்குது."

அவர் சுவரோடு ஒட்டி நின்ற மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இத்தனை பேர் தண்டமா இருக்கீங்களே, இது ஏன்டா ஒருத்தன் மண்டையிலயும் உதிக்கல?"

அவர் மேசையிலிருந்து எடுத்து வீசிய கோப்பை பறந்துபோய்ச் சுவரில் வெடித்தது.

"ஏன் உதிக்கலங்கிறதைத்தானே சார் இப்ப சொன்னேன்" என்றாள் அவள்.