தட்டாத கை

ஃபேரர் பார்க் திடலில் சாதி ஒழிப்புக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே பேசிக்கொண்டிருந்த சேதுபதியைச் சாதியைக் காக்க வந்த சிலர் மேடையிலிருந்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். ஒருவன் அவன் கையை முதுகுப்புறம் முறுக்கி, "மன்னிப்புக் கேளுடா" என்றான். தோள் கழன்றுவிடும் போன்ற வலி. சேதுபதி கேட்டான். அவனோடு துறைமுகத்தில் உழைக்கும் தோழர்கள் எல்லாம் பார்த்திருக்க, ஒலிபெருக்கி அணைக்கப்படாமல் இருக்க, கேட்டான்.

இனி எவன் முறுக்கினாலும் விடுவித்துக்கொள்ளும் வித்தை வேண்டும் என்று அன்றே முடிவு செய்தான். பிறரை வீழ்த்துவதற்கு அல்ல; தன் வாயைத் தானே காத்துக்கொள்வதற்கு.

சிராங்கூன் சாலைச் சந்தொன்றில் குஸ்திக் கொட்டகை வைத்திருந்த மருதப்பனிடம் முதலில் போனான்.

"வாங்க தம்பி. சொந்த ஊரு?"

"சிங்கப்பூர்."

"அது சரி லா. அங்க, ஊருல? எந்தத் தெரு?"

"தெருவச் சொன்னாத்தான் குஸ்தி வருமா?"

"கோச்சுக்காதீங்க. இது கட்டிப் புரளுற வித்தை. யாரு வேர்வை யாரு மேல படுதுன்னு தெரிய வேணாமா?"

கப்பலில் இடம்பிடித்துக் கடலைக் கடந்தவன் மனிதன். சீட்டே வாங்காமல் கடந்து வந்தது சாதி. சேதுபதி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினான்.

அடுத்து, ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவின் மல்யுத்த மேடையில் மோதும் ஒரு 'இரும்பு மாவீரன்'. அவர் கற்றுக்கொடுத்ததெல்லாம் விழுவதற்குத்தான். "விழறப்ப பலகைய ஓங்கி உதைக்கணும். சத்தம் கேட்டாத்தான் சனம் வரும்."

"எதிராளி நெஜமாவே பிடிச்சுட்டா?"

"அவன் ஏன் நெஜமா பிடிக்கறான்? என் ஃபிரண்டு லா அவன்!"

மரபு என்ற பெயரில் ஒரு வேடம், வீரம் என்ற பெயரில் இன்னொரு வேடம். மாதங்கள் வீணாயின. சலித்துப்போயிருந்த வேளையில்தான் கேலாங்கில் ரவூப் கிடைத்தான்.

ரவூப், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெல்டிங் வேலை பார்த்தவன். சேதுபதியைவிடப் பத்து வயதாவது இளையவன். கப்பலில் வந்த லங்காஷயர் வெள்ளைக்காரன் ஒருவனிடம், மூட்டுகளைப் பூட்டி மடக்கும் கேட்ச் குஸ்தி பழகியவன். ஞாயிறுதோறும் தேங்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்றில் நார் திணித்த சாக்குகளைப் பரப்பி, மேலே கித்தான் விரித்து, வந்தவர்க்கெல்லாம் சொல்லிக்கொடுத்தான். அவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"நகம் வெட்டியிருக்கீங்களாண்ணே?"

சேதுபதிக்குக் கண் கலங்கிற்று. இவனல்லவோ ஆசான்!

"முதுகைத் தரையில அமுக்கினாலும் ஜெயிப்பு, மூட்டைப் பூட்டினாலும் ஜெயிப்பு," என்றான் ரவூப். "பூட்டு விழுந்தா ஒடனே தட்டிருங்க. என் மேலயோ தரையிலயோ. விட்டுருவேன்."

"தட்டுனா தோத்துட்டேன்னு ஒத்துக்கறதா?"

"இந்தத் தடவைக்கு."

"நான் யாருக்கும் பணியறவன் இல்ல தம்பி."

"பணிய வேணாம்ணே. தட்டுங்க போதும்."

ஒருநாள் சேதுபதியின் பிடியில் ரவூப்பின் கணுக்கால் அகப்பட்டது. திருகத் தொடங்குமுன்னே ரவூப் தட்டினான். சேதுபதி மேடையில் நிற்பவனைப்போல் இரு கைகளையும் உயர்த்தினான். "பாத்தியா!"

"நல்ல பிடிண்ணே. வாங்க, மறுபடியும்."

தோற்றவன் முகத்தில் இருக்கவேண்டிய இருள் அங்கே இல்லை. அது சேதுபதிக்கு எரிச்சலூட்டியது.

அவன்மட்டும் ஒருபோதும் தட்டவில்லை. கை முதுகுப்புறம் போகும்போதெல்லாம் பல்லைக் கடித்தான், முகம் கறுத்தது, கடைசியில் ரவூப்பே விட்டான். அஞ்சிக் கேட்ட மன்னிப்பும் தன் எல்லை அறிந்து தட்டும் தட்டலும் ஒன்றல்ல. அதை விளக்கச் சொல்லியிருந்தால் மணிக்கணக்கில் முழங்கியிருப்பான். அவன் கைக்குத்தான் அது விளங்கவில்லை. பின்னால் சேர்ந்தவர்கள் பூட்டை அவிழ்க்கப் பழகிவிட்டார்கள். அவன் தொடங்கிய இடத்திலேயே நின்றான்.

"ஒங்க எல்லை எதுன்னு நீங்க சொல்லணும்ணே. அதத் தெரியாம நான் எப்படி சொல்லித் தர்றது?" ரவூப்பின் குரலில் அலுப்பு ஏறியிருந்தது.

ஒரு ஞாயிறு சேதுபதி, குவீன்ஸ்டவுனிலிருந்து வரும் பஸ் கண்டக்டர் முத்துசாமியோடு மோதினான். முத்துசாமி கையைப் பூட்டினான், தட்டுவான் என்று காத்தான், கொஞ்சம் அழுத்தினான், இன்னும் காத்தான். தோள் மூட்டு நழுவிய ஒலியைக் கிட்டங்கியே கேட்டது.

கையைத் துணியால் கழுத்தில் தொட்டிலிட்டுக்கொண்டு மறுவாரம் சேதுபதி வந்தபோது, முத்துசாமி தேங்காய்க் குவியலருகே ஒதுங்கி உட்கார்ந்திருந்தான்.

"காத்துக்கிட்டே இருந்தேண்ணே. நீங்க தட்டவே இல்ல." அவன் தலை நிமிரவில்லை.

"உன் மேல தப்பில்ல தம்பி. வலிய நான் தாங்கிக்குவேன்."

"நீங்க தாங்கிக்குவீங்க," என்று குறுக்கிட்டான் ரவூப். "இவன் யாரையும் பிடிக்க மாட்டேங்கறான். இவனுக்கு யாரு பதில் சொல்றது?"

சேதுபதி கழுத்துத் தொட்டிலின் முடிச்சைச் சரிசெய்தான்.

"இப்பத் தட்டுங்க. இவன் தோள்ல. யாரும் ஒங்களப் பூட்டல, யாரும் சிரிக்க மாட்டோம். தட்டிட்டுப் போங்க. கை ஆறினதும் வாங்க, சொல்லித் தர்றேன்."

முத்துசாமி தோளைக் காட்டினான். சேதுபதியின் நல்ல கை உயர்ந்தது, பாதியில் நின்றது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது: "தோழர்களே, தன்மானம் என்பது…"

"அண்ணே. பேச்சு வேணாம்."

கை இறங்கியது. தோளில் அல்ல, தன் தொடையருகே.

"அப்ப வராதீங்கண்ணே," என்றான் ரவூப். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் சுட்டது.

தெருவோரப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, தன் கையைத் தானே திட்டினான் சேதுபதி. இந்த ஊரில் ரவூப்பைவிட நல்ல வாத்தியார் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். முதல் பேருந்தைப் போகவிட்டான். கிட்டங்கிக்குள் யாரோ தட்டினார்கள், யாரோ விட்டார்கள், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்த பேருந்தில் ஏறிக்கொண்டான்.