கண்ணாடி கழற்றிய மாப்பிள்ளை

மைனஸ் எட்டுக் கண்ணாடியோடு இருந்தவரை கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனி சூப்பர்வைசர் தணிகைவேலுக்கு எந்த வரனும் காபிக்கு மேல் நகரவில்லை. போன வருடம் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றினான். "எம் புள்ளைக்குக் கழுகுக் கண்ணு" என்று அம்மா ஜானகியம்மாள் தெருத்தெருவாகச் சொல்லி, ஊத்துக்கோட்டை நர்மதாவை நிச்சயமும் செய்துவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் கழுகின் இடது கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது. கூடவே கண்ணுக்குள் கொசுக்கூட்டம்போலக் கறுப்புப் புள்ளிகள்.

"கண்ணு பட்டுக்கீதுடா" என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். புகையில் கொசு இரட்டிப்பானது.

லேசர் செய்த இடத்தில் தந்த தாளை அன்றுதான் கடைசிப் பக்கம்வரை படித்தான். கண்ணாடி போகுமாம், கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண்ணும் மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்குமாம். மின்னல் தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டுமாம். உள்ளூரில் யாராவது பார்த்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று திருவள்ளூர் கண் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினான்.

நர்ஸ் சொட்டு மருந்து விட்டு, "கண்ணத் தொறக்காம ஒக்காருங்க" என்றாள். பெஞ்சில் ஏழு பேர் தவத்தில் இருந்தார்கள். பக்கத்துத் தவசி போனில் பேசியது.

"டைலர் கடைலதான் கீறேன்மா. ஜாக்கெட் இன்னும் ரெடியாவல."

தினமும் போனில் கேட்கிற குரல்.

"நர்மதா?"

பெஞ்சு ஆடியது. "ஐயோ! ஷிப்டுன்னீங்க? இங்க இன்னா பண்றீங்க?"

"மின்னலடிக்குது. நீ?"

"வருசா வருசம் ரெட்டினா காட்டணும்னாங்க. எனக்கு மைனஸ் ஒம்போது இருந்திச்சி. கண்ணாடி போட்ட பொண்ணு வாணாம்னாங்களாமே உங்கம்மா? அதான் லேசர் பண்ணிக்கினேன்."

"உங்கப்பாவும் அதையேதான் சொன்னாராம்."

இருவரும் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு வெட்கப்பட்டார்கள். தணிகைவேல் எழுந்தான். "நான் கெளம்புறேன். உங்க வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் காலி."

நர்மதா குத்துமதிப்பாகக் கையை நீட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருங்க. இந்தக் கண்ணோட ஓடி, லேடீஸ் டாய்லெட்ல போய் நிக்கப் போறீங்களா?"

உட்கார்ந்தான்.

டாக்டர் பார்த்ததில் அவள் கண்ணில் ஒன்றுமில்லை. அவன் இடது விழித்திரையில் கிழிசல். "விழித்திரை இன்னும் உரிஞ்சி வரல, தப்பிச்சீங்க. இப்பவே லேசர் போட்டு ஒட்டிடணும். விட்டா பார்வையே போயிடும்" என்றார் டாக்டர்.

நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "கூட வந்தவங்க யாரு?"

"நான்தான்."

"உறவு?"

"சம்சாரம்னு போடுங்கக்கா."

நர்ஸ் அவள் வெறுங்கழுத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கட்டலக்கா" என்றாள் நர்மதா. "கட்டறவருக்குக் கண்ணு தெரியணும்ல? சீக்கிரம் உள்ள இட்டுனு போங்க."