கல்லடியில் ஒல்லாந்தர்

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ/எல் பரீட்சையில் போன வருடம் எனக்கு ஐந்து பாடங்கள் சித்தி. உயர்தரம் படிக்க ஆறு வேண்டும். மீதியில் எட்டிப் பிடிக்கக்கூடியது வரலாறு ஒன்றுதான். இன்னும் ஒரு தடவை எழுதட்டும், அதுவும் சரிவராவிட்டால் தையல் பழகப் போகட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ ஊசியில் நூல் கோர்க்கும் பொறுமைகூடக் கிடையாது. என்னோடு படித்த விதுர்ஷா உயர்தர வகுப்புக்குப் போய்வருவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

புளியந்தீவில் ஒரு ரியூசன் வகுப்பில் சேர்ந்தேன். செட்டிபாளையத்திலிருந்து பஸ். புத்தகத்தைத் திறந்தால் எல்லா மன்னர்களும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். குளம் கட்டினான், விகாரை கட்டினான், படையெடுத்தான், செத்தான். யாருக்குப் பின் யார் என்று மண்டையில் நிற்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு பஸ் தரிப்பிடத்திலும் ஒரு ஆளை நிறுத்தினேன். எங்கள் ஊரில் பண்டுகாபயன், குருக்கள்மடத்தில் தேவநம்பியதீசன், கிரான்குளத்தில் மகாசேனன், தாழங்குடாவில் தாதுசேனன், ஆரையம்பதியில் விஜயபாகு, காத்தான்குடியில் பராக்கிரமபாகு. நாவற்குடாவில் போர்த்துக்கேயர், கல்லடியில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர், பாலம் தாண்டினால் புளியந்தீவில் ஆங்கிலேயர். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் ஸாதியா. அவளும் என்னைப் போல இரண்டாம் முறை எழுதுகிறவள், காத்தான்குடியில் ஏறுவாள். என் கண்டுபிடிப்பைச் சொன்னபோது, அப்படியென்றால் தனக்குப் பராக்கிரமபாகுவுக்கு முன்னால் வரலாறே இல்லையா என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் போனது. வகுப்பில் முன்னோடிப் பரீட்சை வைத்தார்கள். கால ஒழுங்கில் எழுதச் சொன்ன கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று எழுதினேன். நூற்றுக்கு இருபத்தாறு வந்தது. எங்களுக்குப் படிப்பிக்கும் அக்ரம் சேர் என் தாளை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். நான் ஆங்கிலேயரில் தொடங்கிப் பண்டுகாபயனில் முடித்திருந்தேன்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. காலையில் நிற்கக்கூட இடம் இருக்காது. யாருடைய முழங்கையோ என் முகத்துக்கு முன்னால் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பின்னேரம் திரும்பும்போதுதான் யன்னலோரம் இடம் கிடைக்கும். ஆக, மூன்று மாதமாக நான் வரலாற்றைப் படித்தது வீட்டுக்கு வரும் வழியில். கல்லடி முதலில், நாவற்குடா பிறகு. எனக்கு என் மீதே வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

திருத்துகிறேன் பேர்வழி என்று, அன்றிலிருந்து போகும்போதும் சொன்னேன், வரும்போதும் தலைகீழாகச் சொன்னேன். அது இன்னும் மோசம். கல்லடி என்றால் ஒல்லாந்தர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் போர்த்துக்கேயர் அவர்களுக்கு முன்னாலா, பின்னாலா? நான் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன்? சாப்பிடும்போதுகூட இதே குழப்பம். பரீட்சைக்கு நாலு நாள் இருக்கையில் பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸாதியா என் பக்கத்தில்தான் இருந்தாள். எங்களுக்கு முன் சீற்றில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரைக் கண்ணால் காட்டினாள்.

"இஞ்ச பாரு கா. அந்த ஆள எழுப்பிவிடச் சொல்லி நீ கொண்டக்டரக் கூப்பிடுறாய் எண்டு வை. ஆரு முதல்ல வந்த?"

"அந்த ஆள்தான். அவர் இருக்கிறபடியாத்தானே கூப்பிடுற."

"கண்டி ராசா ஒல்லாந்தர ஏன் கூப்பிட்ட?"

போர்த்துக்கேயரை விரட்ட என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இதைப் புத்தகத்தில் பத்துத் தரம் வாசித்திருக்கிறேன். எந்த ஊரில் நிறுத்துவது என்று பார்த்தேனே தவிர, எதற்கு வந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மிச்ச நாலு நாளும் தரிப்பிடங்களை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஏன் என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். மண்டைக்குள் இருந்த மன்னர்கள் மட்டும் நகர மறுத்துத் தங்கள் தரிப்பிடங்களிலேயே நின்றார்கள், அது வேறு கதை.

பரீட்சை மண்டபம் களுவாஞ்சிகுடியில் விழுந்தது. புளியந்தீவுக்கு நேர் எதிர்த் திசை. அந்தப் பக்கம் எந்தத் தரிப்பிடத்திலும் எனக்கு ஒருவரும் இல்லை. வெறும் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். என் வரலாறு முழுவதையும் வீட்டுக்கு மற்றப் பக்கம் விட்டுவிட்டு வந்த மாதிரிப் பயமாக இருந்தது.

வினாத்தாளில் ஒல்லாந்தர் வந்ததற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். ஒரு கணம் கல்லடி கண்ணுக்குள் வந்தது, பாலத்தோடு, எந்தப் பக்கம் என்று தெரியாமல். கண்ணை இறுக மூடினேன். பிறகு, இருக்கிறவனை எழுப்பத்தான் மற்றவனைக் கூப்பிட்டார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு எழுதத் தொடங்கினேன். பேனா நிற்கவில்லை.

பெறுபேறு வந்தபோது வரலாற்றுக்கு எதிரே S இருந்தது. வெறும் S தான், ஆனாலும் சித்தி. அதைப் பார்த்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதேன். அப்பா தையலைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. ஸாதியாவுக்கு அதைவிட மேலான C. உனக்குத்தான் பராக்கிரமபாகுவுக்கு முன்னால் ஒருவரும் இல்லையே, எப்படி C வந்தது என்று கேட்டதற்கு, போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

உயர்தர வகுப்பின் முதல் நாளில், வெள்ளைச் சீருடையில் புளியந்தீவு பஸ் ஏறினேன். அதிசயமாக யன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கே இறங்க வேண்டும் என்று கொண்டக்டர் கேட்டார்.

"ஆங்கிலேயர்" என்றேன்.