கேட்டில் நின்ற பிச்சைமுத்து

கோப்பெங் அரசாங்கக் கிடங்கில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, வேலைக்குச் சேர வந்த பிச்சைமுத்துவை, அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்த பிச்சைமுத்து கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

வந்தவர்தான் அசல். பதினெட்டு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். கிரிக் காட்டில் ஒரு புலி தமக்கு வழிவிட்டு ஒதுங்கியதாகச் சொல்வார்; புலியை விசாரிக்க வழியில்லாததால் ஈப்போவில் எல்லாரும் நம்பினார்கள். இன்னும் மூன்று வருஷம் இருந்திருந்தால் பென்ஷன் கிடைத்திருக்கும். அதை மட்டும் எந்தக் கதையிலும் சேர்க்க மாட்டார்.

முன்னாள் ராணுவத்தினரை வைத்திருக்கும் கம்பெனிக்குத்தான் அரசாங்கக் காவல் குத்தகை என்று பேச்சு வந்ததும் அவருடைய விலகல் சான்றிதழுக்கு மவுசு கூடிவிட்டது. கேட்ட கம்பெனிக்கெல்லாம் போட்டோஸ்டேட் கொடுத்தார். கூடவே புலியையும் கொடுத்தார். கூப்பிடுவார்கள் என்று எட்டு மாதம் போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார். நேற்று ஒரு கம்பெனி ஆபிஸில் இருந்த பெண் சொன்னாள்: "கோப்பெங் லிஸ்ட்ல உங்க பேருதான் முதல்ல இருக்கு, அங்கிள்."

வீங்கிய காலோடு சாப்பாட்டுக் கடையில் நிற்கும் மனைவியிடம், "போதும் நவமணி, இன்னியோட தட்டு, மங்கு கழுவுறத விட்டுரு" என்றார். அவளும் காலையிலேயே கடையில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் இடத்துக்கு உடனே வேறு ஆள் வந்தாயிற்று.

கேட்டில் நின்றவரின் சட்டையில் பிச்சைமுத்து என்று பட்டை மின்னியது.

"இது ஏம் பேருலா."

"தெரியும்ண்ணே. சட்டையோட சேத்துக் குடுத்தாங்க. நான் சன்னாசி, ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவன். தோட்டத்த வித்துட்டாங்க. பாதிச் சம்பளம்னாலும் போதும்னு வந்துட்டேன்."

"பட்டாளத்துல எங்க இருந்தேன்னு யாராச்சும் கேட்டா?"

"கிரிக் காட்டுல. புலி ஒதுங்குச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

பிச்சைமுத்து ஆபிஸுக்குப் போன் போட்டார். அதே பெண்தான் எடுத்தாள். "அங்கிள், டியூட்டி நேரத்துல போன் பேசக்கூடாது" என்று வைத்துவிட்டாள்.

"சத்தம் போடாதீங்கண்ணே" என்றார் சன்னாசி. "இலாகா பெரியவரு பாக்க வராரு. தெரிஞ்சா குத்தகையே போயிரும், ரெண்டு பேருக்கும் சோறு இல்ல. சல்யூட் எந்தக் கையிலண்ணே?"

பதில் சொல்வதற்குள் கார் வந்துவிட்டது. சன்னாசி இடது கையைத் தூக்கினார். கேட்டுக்கு வெளியே, வெயிலில், இஸ்திரி போட்ட சட்டையில் நின்ற பிச்சைமுத்துவின் வலது கை அவரைக் கேட்காமலே நெற்றிக்கு ஏறியது. விறைப்பாக, பதினெட்டு வருஷத்துக் கை.

கார்க் கண்ணாடி இறங்கியது. அதிகாரி பட்டையைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே உயர்ந்திருந்த வலது கையைப் பார்த்தார். மறுபடி பட்டையைப் பார்த்தார்.

பிச்சைமுத்துவின் பையில் போன் அடித்தது. இந்த நேரத்தில் நவமணிதான். மேலதிகாரி பதில் சல்யூட் வைக்கும்வரை கையை இறக்கக்கூடாது என்பது பட்டாளத்துச் சட்டம். அதிகாரி இன்னும் வைக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.