ஒன்றாம் நம்பர் பிரதி

கறுப்புச் சட்டையின் முதுகை, கழுத்திலிருந்து இடுப்பு வரை நேராக வெட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. தம்பியின் கைகள் விறைத்துப் போயிருந்தன. மடக்கிச் சட்டைக்குள் நுழைக்க வழியில்லை. முதுகைத் திறந்துவிட்டால் முன்பக்கமாக மாட்டி, இரண்டு ஓரத்தையும் உடம்புக்கு அடியில் செருகிவிடலாம். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு முழுச்சட்டைதான். முப்பது வருஷமாகத் தையல் மிஷினோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கறுப்பையா போட்டு அனுப்பப் போற?" சித்தப்பா வாசற்படியில் நின்றபடி கேட்டார்.

"அவன்கிட்ட உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான்."

"நெஞ்சுல என்னமோ பூச்சிப் படம் போட்டிருக்கு?"

"சுவர்க்கோழி, சித்தப்பா. அதான் அவன் பத்திரிகை பேரு."

"பத்திரிகையா? வீடு வீடாப் போய் கரண்டு மீட்டர்தானே பாத்துக்கிட்டிருந்தான்?"

"அது வயித்துப்பாட்டுக்கு. இது..."

கத்தரியைக் கீழே வைத்தாள்.

முந்தின நாள் காலையில், ஏதோ ஒரு கட்டடத்தின் நாலாவது மாடிப் படியில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். கணக்கு நோட்டு மடியில், பேனா காதில். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மூன்றாவது ஆள்தான் தொட்டுப் பார்த்தது. நாற்பத்துமூன்று வயது. கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. அப்பா அம்மா போனபிறகு ஊரில் அவனுக்கு இவள், இவளுக்கு அவன். ஒரே ஊரில் இரண்டு வீடு. நடுவில் இருபது நிமிஷ பஸ்.

அந்தப் பத்திரிகை அவனைப் பிடித்துக்கொண்டது ஏழு வருஷத்துக்கு முன்பு. பூட்டிக்கிடந்த டயர் குடோன் ஒன்றில் மீட்டர் மட்டும் பிசாசு பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. என்ன சங்கதி என்று பார்க்கப் பின்பக்கப் படியில் இறங்கினான். கீழே நாலு பேர் கிட்டாரும் டிரம்முமாகச் சுவர் இடியும்படி வாசித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்கப் படம். மேலிடத்துக்கு எழுத வேண்டியவன், ஒரு காலி டயர்மேல் உட்கார்ந்து சாயங்காலம் வரை கேட்டான். அடுத்த மாதம் மீட்டர் பார்க்கப் போனபோது அவர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்கடுத்த மாதம் அந்தப் பக்கங்கள் பத்திரிகையாகிவிட்டன. எந்தக் கடையிலும் தொங்காத பத்திரிகை. ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, பின் அடித்து, கை மாற்றிக் கை மாற்றிப் போகிற பத்திரிகை. பாட்டு, ஓவியம், கவிதை, வசவு எல்லாம் அதில் உண்டு.

ஒவ்வொரு இதழிலும் ஒன்றை அக்காவுக்குக் கொண்டுவருவான். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் கூப்பிட மாட்டான். கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடுவான்.

அதில்தான் அவளுக்கு ஒரு வருத்தம். ஒருநாள் மருந்துக்கடைப் பெண்ணின் கையில் அதே இதழைப் பார்த்தாள். வழவழவென்று, சுத்தமாக இருந்தது. இவளுக்கு வந்ததோ கெட்டி அட்டைமேல் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது. ஓரத்தில் பசைக் கறை, நடுவில் வெள்ளை மை தடவிய திட்டு, பென்சில் கோடு. ஊருக்கெல்லாம் நல்லது, கூடப்பிறந்தவளுக்கு மட்டும் ஒட்டுப்போட்டது! கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபத்தில் அதைத் தூக்கிக் குப்பையில் போடப் போனபோது, அட்டை விறைப்பாக இருந்ததைக் கை கவனித்தது. சட்டைக்கை வெட்ட நல்ல மாதிரி அட்டை ஆயிற்றே! வெட்டினாள். முதல் இதழைக் கோபத்தில் வெட்டினாள், மற்றதையெல்லாம் பழக்கத்தில் வெட்டினாள்.

* * *

மதியம் அவன் அறை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். எல்லார் சட்டையிலும் அதே பூச்சி. ஒருத்தன் தலையில் பாதிக்கு மேல் மொட்டை.

"யாரும்மா இதுங்க? சர்க்கஸ் ஏதும் வந்திருக்கா?" என்றார் சித்தப்பா, ரகசியம் என்று நினைத்து உரக்க.

"அவன் சிநேகிதங்க போல."

"நமக்கு இருக்கற சொந்தமே ஆறு பேர். இவனுக்கு இத்தனை பேரா?"

அவர்கள் உள்ளே வந்து அவனைப் பார்த்தார்கள். குடோன் இடிய வாசிக்கிறவர்கள் என்று சொன்னால் நம்ப முடியாது. ஒரு செருமல் சத்தம்கூட இல்லை. அவர்களில் உயரமான ஒருத்தன் அக்காவிடம் வந்து குனிந்து நின்றான்.

"நீங்கதானே ஒண்ணாம் நம்பர்?"

"என்னது?"

"என்னை நெட்டைன்னு கூப்பிடுவாங்கக்கா. இவ தகரம், டிரம் வாசிக்கிறா. நூத்திநாப்பது காப்பி போட்டு எல்லாத்துலயும் கையாலயே நம்பர் எழுதுவார் உங்க தம்பி. ஒண்ணாம் நம்பரை யாருக்கும் தர மாட்டார். அது எங்கக்காவுக்குன்னுடுவார்."

"கூட்டத்துல உங்க பேரே அதான்," என்றாள் தகரம். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது. "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இருபத்தோரு இதழும் உங்ககிட்டதானே இருக்கு?"

"ஏன்?"

"அதுதான் மூலம். நாங்க வெட்டி ஒட்டினதே அதுதான். அதை வெச்சுத்தான் மத்ததெல்லாம் காப்பி எடுத்தோம். முதல் இதழ் வர்றதுக்கு முன்னாடியே குடோன்ல குழாய் உடைஞ்சு படமெல்லாம் ஊறிப்போச்சு. அதுலேர்ந்து மூலத்தை இங்க வெக்க வேணாம், எங்கக்காகிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னு சொல்லிட்டார். எங்ககிட்ட இருக்கறதெல்லாம் காப்பி. அதுலேர்ந்து திரும்பக் காப்பி எடுத்தா வெறும் கரிதான் வருது."

"அவருக்காக ஒரு இதழ் போடலாம்னு இருக்கோம்," என்றான் நெட்டை. "ஒவ்வொண்ணுலேர்ந்தும் அவர் எழுதினதை எடுத்து. இருக்குல்லக்கா?"

அக்கா குனிந்து, தம்பியின் சட்டை ஓரத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே செருகினாள்.

"இருக்கு," என்றாள்.

பொய் இல்லை. ஆனாலும் வண்டி வந்தது, பெட்டியைத் தூக்கினது, சித்தப்பா தோளைப் பிடித்தது எதுவுமே அவளுக்கு மனதில் தங்கவில்லை. அந்த ஒரு சொல்தான் கூடவே வந்தது. கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பழைய பேப்பர்காரன் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்று சொல்லலாம். தம்பி வந்தா பொய் என்று சொல்லப்போகிறான்? அந்த நினைப்பு வந்ததும் வண்டிக்குள்ளேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தபின் நெட்டையும் தகரமும் அவளோடு வீட்டுக்கு வந்தார்கள். அப்போது நாலரை மணி. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, வெட்டு மேஜைக்கு மேலே இருந்த ஆணியைக் காட்டினாள்.

ஒரு கொத்து மாதிரி அட்டைகள். காலர், கை, பாக்கெட், முதுகு. ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு நாடாவில் கோத்திருந்தது.

"இதுதான்," என்றாள். "தெரியாது. வீணாப்போன காப்பின்னு நெனச்சேன்."

நெட்டை ஒரு சட்டைக்கையை எடுத்தான். ஒரு பாடகியின் முகத்தில் பாதி இருந்தது. வாய் இருக்கும் இடத்தில் அக்குள் வளைவு. இன்னொன்றை எடுத்தான். ஒரு வரி பாதியில் அறுந்து நின்றது. மூன்றாவதை எடுக்கவில்லை. வெளியே போய் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான்.

"மிச்சத் துண்டெல்லாம்?" என்று கேட்டாள் தகரம்.

"அன்னன்னைக்குப் பெருக்கித் தள்ளிட்டேன்."

தகரம் அட்டைகளை மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள்.

"அவர் இதைப் பாத்திருக்காரா?"

"இல்ல," என்று சொல்ல வாயெடுத்த அக்கா நிறுத்தினாள்.

பார்த்திருக்கிறான். போன வருஷம் பேன்ட் மடிப்பு அடிக்க வந்தவன், அவள் நூல் கோக்கிற நேரத்தில் இந்த ஆணிக்கு முன்னால் நின்றான். ஒரு முதுகு அட்டையைக் கையில் எடுத்தான். திருப்பினான். வாய்க்குள்ளேயே எதையோ படித்தான். "கச்சிதமா வெட்டியிருக்கேக்கா," என்றான். எடுத்த இடத்திலேயே மாட்டினான். "நீயும் ஒரு பக்கம் எழுதேன்," என்றுகூடக் கேட்டான். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று இவள் மிஷினை மிதித்தாள். அதற்குப் பிறகும் மூன்று இதழ் கதவிடுக்கில் வந்தது.

"பாத்தான்," என்றாள் அக்கா.

தகரம் தலையை ஆட்டினாள். "அதான்! பத்திரமா வெச்சிருக்காங்களான்னு நாங்க கேக்கறப்பல்லாம் சிரிப்பார். எங்கக்கா தினமும் ஒருதடவையாவது அதைக் கையில எடுக்கும்டான்னு சொல்வார். எங்களுக்கெல்லாம் பொறாமையா இருக்கும். எங்க வீட்டுல யாரும் அட்டையைக்கூடத் திறந்து பாத்ததில்ல."

அக்கா முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். முந்தானை ஒழுங்காகத்தான் இருந்தது.

வாசலிலிருந்து நெட்டை எழுந்து வந்தான். கண் சிவந்திருந்தது. "இப்படியே காப்பி எடுத்துடலாம்," என்றான் தகரத்திடம். "கை கையாவே இருக்கட்டும். காலர் காலராவே." அக்காவிடம் திரும்பினான். "எடுத்துக்கிட்டுப் போலாமாக்கா? நாளைக்கே திருப்பித் தந்துடுவோம். உங்களுக்கு வேலைக்கு வேணுமே."

"எடுத்துக்குங்க."

"டீ குடிச்சீங்களா? நான் போய் ஏதாவது வாங்கிட்டு வரட்டா?" என்றாள் தகரம்.

"வேணாம்மா. இருட்டறதுக்குள்ள கிளம்புங்க."

நாடாவோடு கொத்தைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போல் நெட்டை தூக்கிக்கொண்டான். தெருமுனை வரை இரண்டு பேரும் போவதைப் பார்த்துவிட்டு அக்கா உள்ளே வந்தாள். ஆணி தனியாக நின்றது. அதைச் சுற்றிச் சுவரில் மட்டும் சுண்ணாம்பு புதுசாக, வெள்ளையாக இருந்தது.

மிஷினுக்கு அடியில் ஒரு துணி கிடந்தது. நேற்றுக் காலையில் போன் வந்தபோது கையிலிருந்து நழுவிய துணி. யாரோ ஒரு வாடிக்கைக்காரரின் சட்டைக் காலர். மாதிரி அட்டை இன்னும் அதிலேயே குத்தியிருந்தது. அவர்களிடம் கொடுக்க விட்டுப்போய்விட்டது.

மேஜைமேல் விரித்தாள். வழக்கம்போல எழுத்துப் பக்கம் கீழே, வெற்றுப் பக்கம் மேலே. பசைப் பிசுக்கில் கோடு போடுகிற சாக்பீஸ் சிக்கும் என்று எப்போதும் அப்படித்தான் வைப்பாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பல்லில் கடித்துக்கொண்டாள். அட்டையைத் திருப்பினாள். ஓரத்தில், சிவப்பு மையில், தம்பியின் கோணல் கையெழுத்தில் 1 என்று இருந்தது.

எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து மறுபடி குத்தினாள். விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துவிட்டு, சாக்பீஸை எடுத்து, அட்டையின் ஓரத்தைச் சுற்றி மெதுவாகக் கோடு போட ஆரம்பித்தாள்.