கல் மூடாத மண்

தலைமன்னாருக்கு ரயில் பாதை போட்ட காலம். பெருநிலத்துக்கும் மன்னார்த் தீவுக்கும் நடுவே கிடந்த ஆழமில்லாத கடலுக்குள் மண்ணைக் கொட்டி, அதன் இரு சரிவையும் கல்லால் மூடி அணை கட்டிக்கொண்டு போனார்கள். அந்த அணையில் ஒரு பகுதிக்கு வேலையை மேற்பார்க்கும் ஓவசியராக அமிர்தநாயகம் வந்து சேர்ந்தார். பள்ளிமுனையில் பிறந்தவர். அனுராதபுரப் பக்கம் பாலங்களிலும் மதகுகளிலும் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு இருக்கலாம் என்று அவராகவே கேட்டு வாங்கிய மாற்றம் அது. மனைவி மார்த்தா அப்போது நிறைமாதம்.

வந்த முதல் நாள் காலையில் அவர் அணையின் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை நடந்தார். முனையில் தம்பு கங்காணியின் ஆட்கள் ஓலைக் கடகம் கடகமாக மண் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல வேகம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வெகுதூரத்துக்கு மண் வெறுமையாகக் கிடந்தது. ஒரு கல் கூட இல்லை. தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று கிளப்பிய சின்ன அலைகள் அதை நக்கி நக்கிக் கரைத்துக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் நடந்தால் கல் பதிக்கிற ஆட்கள் கல் இல்லாமல் வெற்றிலை போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள். அதற்கும் அப்பால், கல் நிரப்பிய மூன்று வத்தைப் படகுகள் இறக்க ஆளில்லாமல் நின்றன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் வற்றி, மூன்றும் சேற்றில் தட்டிவிட்டன.

ஒருவரும் சோம்பேறி இல்லை. ஆளுக்கு ஆள் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். வத்தை புறப்பட்ட செய்தி முதலில் மன்னாரிலிருந்த கந்தோருக்கு, அந்த வேலை அலுவலகத்துக்கு, போகும். கந்தோரிலிருந்து துண்டுச் சீட்டு எழுதி ஓவசியருக்கு வரும். ஓவசியர் ஆள் அனுப்பிக் கல் பதிக்கிறவர்களைக் கூப்பிடுவதற்குள் கடல் வற்றிவிடும். இந்த வழக்கத்தைத் தொடக்கியவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதற்குள் ஒரு பகையும் இருந்தது. வத்தைகளின் சொந்தக்காரர் அப்துல் றசாக். சம்மாட்டியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கல் பதிக்கிற கூட்டத்துக்குத் தலைவன் கிறகரி, மார்த்தாவின் ஒரே அண்ணன். முந்தைய வருடம் இப்படித்தான் கல்லோடு ஒரு வத்தை இறக்க ஆளில்லாமல் சேற்றில் தட்டி, அடுத்த நீர்ப்பெருக்கில் கிளம்பிச் சரிந்தது. றசாக்கின் தம்பி மஹ்மூது அதன் அடியில் அகப்பட்டு ஒரு காலை நிரந்தரமாக இழுத்து நடக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கிறகரியின் ஆட்களை வேறொரு மதகுக்கு அனுப்பியது கந்தோர். அதை றசாக்கிடம் யாரும் சொல்லவில்லை. கிறகரி இரண்டு பேரையாவது விட்டுப் போயிருக்கலாம் என்று றசாக் நினைத்தார். செய்யாத குற்றத்தைத் தன் தலையில் கட்டுகிறார்கள் என்று கிறகரி நினைத்தான். அதனால் மஹ்மூதைப் பார்க்கவும் போகவில்லை. அதிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

அமிர்தநாயகம் முதல் செய்த காரியம், அணையின் முனைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டதுதான். விடிந்ததும் தம்பு, றசாக், கிறகரி மூவரும் அங்கே வர வேண்டும். இன்றைக்கு என்ன செய்யப் போகிறீர்கள், அதற்கு மற்றவரிடமிருந்து என்ன வேண்டும், நேற்று எது தடைப்பட்டது, இவ்வளவுதான் அவர் கேட்பார். முதல் கிழமை முழுவதும் அது பெரிய கூத்தாக இருந்தது. றசாக் கூரையைப் பார்த்து, "வத்தை மத்தியானத்துக்கு முன்னம் வரும் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ, ஓவசியர்" என்பார். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கிறகரி, "ஆள் நிக்கும் எண்டு சொல்லும், மச்சான்" என்பான். அமிர்தநாயகம் சிரிக்காமல் இருவருக்கும் நடுவில் அதைச் சொல்லி வைப்பார். அப்படியாவது சொல் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. கல்லேற்றும் துறையிலிருந்து வத்தை கிளம்பினால் அங்கே ஒரு மூங்கிலில் வெள்ளைத் துணி ஏற வேண்டும் என்றும் வைத்தார். துணியைக் கண்டதும் ஆட்கள் கல் இறக்கும் இடத்துக்கு நடக்கத் தொடங்குவார்கள். கந்தோருக்கு இனி வத்தை வந்த பிறகு தெரிந்தால் போதும்.

அடுத்து அவர் வைத்த விதி எல்லோருக்கும் கசந்தது. கல் மூடாமல் அடுத்த மண் கொட்டக் கூடாது. மண் முன்னே ஓடினால் தம்புவின் ஆட்கள் கடகத்தை வைத்துவிட்டுக் கல் இறக்கப் போக வேண்டும். தம்பு முறைத்தார். மண் சுமக்க வந்தவன் கல் தூக்குவானா என்று கேட்டு நாலைந்து பேர் வேலையை விட்டே போனார்கள். போனவர்களைத் தடுக்க அமிர்தநாயகத்தால் முடியவில்லை. மிஞ்சியவர்களிடம் தம்பு ஒருவழியாகப் பேசிச் சமாளித்தார்.

கிறகரியோடு வந்த பிணக்குத்தான் வீடு வரைக்கும் வந்தது. வத்தை வரும்போது கரையில் எத்தனை பேர், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டால் அது வத்தைக்காரருக்குத்தான் தெரியும். ஆகவே இறக்கும் நேரத்தில் கிறகரியின் ஆட்கள் றசாக்கின் சொல்லுக்கு நிற்க வேண்டும் என்று அமிர்தநாயகம் ஒரு காலையில் சொன்னார்.

கிறகரி எழுந்துவிட்டான். "என்ர ஆக்களுக்கு அவரோ தலைவர்?"

"இறக்கி முடியும் மட்டும்தான் மச்சான்."

"ஒரு நாழி எண்டாலும் தலைவர் தலைவர்தான். தங்கச்சியின்ர புருசன் எண்டு பாத்தன். நீர் அவையின்ர பக்கம் நிக்கிறீர்."

றசாக்கின் முகத்திலும் நம்பிக்கை இல்லை. ஓவசியர் மைத்துனனைத் தாழ்த்துவது போலக் காட்டி வேறெதற்கோ அடிபோடுகிறார் என்றே அவர் முதலில் நினைத்தார். இதைப் பிறகொருநாள் அவரே சொன்னார்.

அதற்குள் மார்த்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவன் கிறகரி. கல்யாணமான நாளிலிருந்தே அது பேசி வைத்த காரியம். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த பிறகு, தான் வரவில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினான். மார்த்தா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அணை முடிஞ்சு போகும். அண்ணன் எனக்கு ஒராள்தான்" என்றாள். அமிர்தநாயகம் விதியைத் தளர்த்தி, கிறகரியின் ஆட்களைக் கிறகரியிடமே விட்டுவிட்டால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தார். யோசிக்கும் போதெல்லாம் மஹ்மூது காலை இழுத்துக்கொண்டு துறையில் நடப்பதுதான் கண்ணில் வந்தது. தளர்த்தவில்லை. கோயிலில் ஞானத்தகப்பனாக மார்த்தாவின் சித்தப்பா ஒருவர் நின்றார்.

மாத முடிவில் எஞ்சினியர் துரை வந்தார். கெட்டவர் அல்ல. ஆனால் கொழும்பிலிருந்து அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே கேட்பது அணை எவ்வளவு நீளம் போயிருக்கிறது என்ற ஒன்றைத்தான். அந்த மாதம் புதிதாகப் போன நீளம் பாதியாகக் குறைந்திருந்தது. துரை கொட்டிலுக்குள் நின்றபடியே, உன்னை நம்பி அனுப்பியது இதற்காகவா என்று கேட்டார்.

அமிர்தநாயகம் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் அணையின் நடுப்பகுதியைக் காட்டினார். ஒரே இடத்தை முந்தைய பருவங்களில் மூன்று தரம் நிரப்பியிருக்கிறார்கள், ஒவ்வொரு தரமும் கடல் அதைக் கொண்டுபோயிருக்கிறது, ஒவ்வொரு தரமும் அது முன்னேற்றம் என்றே கொழும்புக்குப் போயிருக்கிறது என்றார். இனி மண்ணின் நீளத்தை அளக்க வேண்டாம், கல் மூடி முடிந்த நீளத்தை மட்டும் அளக்கச் சொல்லுங்கள் என்றும் கேட்டார். துரை சரிவில் இறங்கி, பதித்த கற்களைப் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. வாடைக்காற்று வரும் வரை பொறுப்பதாகவும், அதில் அணை போனால் ஓவசியரும் போக வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

போகும்போது ஒன்றைக் கவனித்தார். அணையின் முனைக்குப் பக்கத்தில் பெரிய கற்குவியல் ஒன்று தொடாமல் கிடந்தது. ஏன் பதிக்கவில்லை என்று கேட்டார். வாடையில் அவசரத்துக்கு வைத்தது என்று அமிர்தநாயகம் சொன்னார். கல் கையில் இருக்கும்போது வேலையை நிறுத்தி வைப்பது முட்டாள்தனம், அதையும் பதித்து முடி என்று துரை உத்தரவிட்டுப் போனார். அமிர்தநாயகம் பதிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை; குவியல் அப்படியே கிடக்கிறது என்று அடுத்தமுறை துரையைக் கண்டபோது நேராகவே சொன்னார். துரை முகம் சிவந்து, திரும்பி நடந்தார்.

ஐப்பசி கடைசியில் வாடை எழுந்தது. வழக்கமாக இரண்டு நாள் குழப்பம் காட்டிவிட்டு வருகிற காற்று அந்த வருடம் காலையில் எழும்பி மத்தியானத்துக்குள் முழு வேகம் பிடித்தது. வடக்குக் கடல் சாம்பல் நிறமாக உருண்டு வந்து அணையில் மோதியது. கல் மூடிய பகுதி தாங்கியது. முனையில் கொஞ்சத் தூரம் மட்டும், அன்றைக்கு மூட வேண்டியிருந்த மண், வெறுமையாக நின்றது. அலை அதை வாய் வாயாகக் கடித்தது. வெறும் மண் போனால் அதற்கடுத்த கல்லின் அடி கிளம்பும், பிறகு ஒவ்வொன்றாக உருளும். தண்ணீர் அணைக்கு மேலாலும் ஏறிப் பாய்ந்தபோது, துரைக்கு முன்னால் தான் பேசிய பேச்செல்லாம் அமிர்தநாயகத்துக்கு ஞாபகம் வந்தது.

துரை தண்டவாளத் தள்ளுவண்டியில் பெருநிலப் பக்கமிருந்து வந்து இறங்கினார். தொப்பி பறந்து போயிருந்தது. வத்தைகளை உடனே அனுப்பிக் கல் கொண்டுவரச் சொன்னார்.

றசாக் முன்னுக்கு வந்தார். "போகாது, துரை. இந்தக் காத்தில போனால் ஆள் திரும்பாது."

அமிர்தநாயகம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை கத்தினார். இவன் பயந்தாங்கொள்ளி, கல் வேலை தெரிந்தவன் எங்கே என்று கேட்டுக் கிறகரியின் பக்கம் திரும்பினார். றசாக்கை மாட்டிவைக்க அதைவிட நல்ல தருணம் கிறகரிக்கு இனிக் கிடைக்கப் போவதில்லை.

கிறகரி முகத்திலிருந்த உப்புத் தண்ணீரைத் துடைத்தான். "சம்மாட்டியார் சொல்லுறது சரி எண்டு துரைக்குச் சொல்லும், மச்சான். வத்தை வந்தாலும் கல்லோட அணையிலதான் மோதும். குவிச்சு வைச்ச கல் கிடக்குத்தானே. அது காணும், வேற கல் வேண்டாம்."

துரை குவியலைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்றார்.

தம்புவின் ஆட்கள், கிறகரியின் ஆட்கள், வத்தைக்காரர்கள் எல்லோரும் குவியலிலிருந்து முனை வரை வரிசையாக நின்று கையிலிருந்து கைக்குக் கல்லை நகர்த்தினார்கள். இவன் மண்ணுக்கு, அவன் கல்லுக்கு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. கிறகரி இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லை வாங்கிச் சரிவில் பொருத்தினான். அவனுக்குக் கல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தவன் பெரிய அலை ஒன்றில் சறுக்கியதும் றசாக் இறங்கி அந்த இடத்தில் நின்றார். கொடுத்தார், வாங்கினான். பொழுது சாய முன்னம் குவியல் முடிந்தது. காற்றும் சற்று இறங்கியது. முனையில் கொஞ்ச மண்ணைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்குப் பின்னால் ஒரு கல்லும் உருளவில்லை.

துரை போகும்போது அமிர்தநாயகத்தைப் பாராட்டவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கொழும்புக்குப் போன அறிக்கையில் கல் மூடிய நீளம் மட்டும் இருந்தது. தை பிறந்ததும் வேலை வேகம் பிடித்தது. திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாததால், மெதுவாகத் தெரிந்த வேலை நாள் செல்லச் செல்ல முந்திக்கொண்டு போனது. சொன்ன தவணைக்கு முடிந்ததா என்றால் இல்லை, கொஞ்சம் பிந்தித்தான் முடிந்தது. ஆனால் முடிந்தது முடிந்ததாக நின்றது. அவர் இருந்த காலத்தில் அந்தப் பகுதியில் மஹ்மூதைப் போல யாருக்கும் கால் உடையவில்லை. அதைத்தான் அமிர்தநாயகம் பெரிதாக நினைத்தார்.

வாடைக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கிறகரி வீட்டுக்கு வந்தான். மன்னிப்பு, கின்னிப்பு என்று ஒன்றும் பேசவில்லை. பாரைமீன் ஒன்றைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கி, "தாயின்ர மூக்கு" என்றான். மார்த்தா மீனைப் பார்த்து, "இதுக்குப் புளி காணாது" என்று சொல்லிக்கொண்டே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். மஹ்மூதைப் பார்க்கக் கிறகரி போனானா என்பது தெரியாது. அமிர்தநாயகம் கேட்கவும் இல்லை.

அணை வேலை முடிந்ததும், தீவுக்குள் பேசாலைப் பக்கம் பாதை போடுகிற பகுதிக்குத் துரை அமிர்தநாயகத்தை அனுப்பினார். அங்கேயும் கொட்டில் போட்டுக் காலைக் கூட்டம் வைக்கச் சொல்லியிருந்தார். ஆட்களை அவரே பொறுக்கிக்கொள்ளலாம். கல் வேலைக்கு வருகிறீரா என்று அமிர்தநாயகம் கிறகரியைக் கேட்டார்.

கிறகரி யோசித்தான்.

"சாமான் ஏத்தி இறக்க ஆர் வாறது?"

இன்னும் முடிவாகவில்லை என்றார் அமிர்தநாயகம்.

"சம்மாட்டியாரைக் கேளும். அவர் வாறார் எண்டால் நானும் வாறன்" என்றான் கிறகரி.