ஊரே கைகாட்டிய சதம்

ஆமோஸ் கிரீன்வுட்டுக்கு முப்பத்தாறு வயது. பெரிய ஆட்டம் ஒன்றில்கூடச் சதம் அடித்ததில்லை. ஆடத் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு கோடைகளாக எங்கள் லங்காஷயர் மாவட்ட அணிக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறவன். அவன் எண்பதைத் தாண்டினால் போதும், கேப்டன் பெல்லிங்ஹாம் அணி அடித்த ரன் போதும் என்று டிக்ளேர் செய்துவிடுவார். சம்பளம் வாங்காமல் ஆடுகிற பெரிய வீட்டுப் பிள்ளை யாராவது தொண்ணூறில் நின்றால் மட்டும் இருட்டும்வரை காத்திருப்பார். அதற்குப் பெயர் பெருந்தன்மையாம்.

அந்த வருடம் நிர்வாகக் குழு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: சதமே அடிக்காதவனுக்கு அடுத்த ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் சாயப்பட்டறைதான்.

கடைசி ஆட்டம், கடைசி நாள். மில் விடுமுறை வாரம் என்பதால் தறிப் பெண்கள் எல்லோரும் மைதானத்தில்தான் இருந்தார்கள். ஆட்டம் எப்படியும் டிராதான். ஆமோஸ் தொண்ணூற்றொன்றில் நின்றான். பெல்லிங்ஹாமுக்கோ வேட்டை விருந்துக்கு ரயில் பிடிக்க வேண்டும். பால்கனிக்கு வந்தார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஆட்டினார். போதும், வா என்று அர்த்தம்.

முதலில் பார்த்தவள் ஆமோஸின் மனைவி ஹானா. எங்கள் மில்லில் தறிச் சத்தத்துக்கு நடுவே யார் பேசினாலும் காதில் விழாது. அதனால் பெண்கள் சத்தமே இல்லாமல் உதட்டசைவில் பேசிக்கொள்வார்கள், எவ்வளவு தூரத்திலிருந்தும். ஹானா எழுந்து, எதிர்ப்பக்கம் இருந்த தறித் தோழி மார்த்தாவைப் பார்த்து வாயசைத்தாள்.

"அந்தாளு கூப்பிடுறான்டி! துணிய எடுத்து ஆட்டு!"

"எந்தத் துணிய?"

"சால்வையடி! பாவாடையவா ஆட்டச் சொன்னேன்?"

மார்த்தா அடுத்தவளுக்குச் சொன்னாள். அவள் அடுத்தவளுக்கு. ஒரு சத்தமும் இல்லை. பெல்லிங்ஹாம் இரண்டாம் முறை கைக்குட்டையை ஆட்டுவதற்குள் மைதானத்தைச் சுற்றிலும் சால்வை, தொப்பி, குழந்தையின் போர்வை என்று எல்லாம் ஆடின.

எதிரணிக் கேப்டன் நடுவரிடம் போனார். "பெல்லிங்ஹாம் அவங்க ஆள கூப்பிடுறாரு, தெரியலையா?"

நடுவர் ஜெத்ரோவும் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு ஆடியவர்தான். "யாரு சார்? ஊரே கூப்பிடுது. இதுல நான் யாருன்னு கண்டேன்? பந்தப் போடச் சொல்லுங்க."

ஆமோஸும் மில்லில் வளர்ந்தவன். ஹானாவின் உதட்டை அவனால் படிக்க முடிந்தது. "அந்தப் பக்கம் திரும்பாத. பந்தப் பாரு."

பார்த்தான். ஒரு நான்கு. பிறகு ஓடி ஒன்று. தொண்ணூற்றாறு.

பெல்லிங்ஹாம் பன்னிரண்டாவது ஆட்டக்காரனை அனுப்பினார். அவனும் சம்பளக்காரன். சவ ஊர்வலத்தில் போகிறவனைப் போல நடந்தான். வழியில் நின்று ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

பொறுக்க முடியாமல் கேப்டனே படியிறங்கி எல்லைக்கோட்டுக்கு வந்தார். "கிரீன்வுட்!" என்று அவர் கத்தியபோது பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டிருந்தார். ஆமோஸ் முன்காலை நீட்டி அடித்தான். பந்து புல்லோடு புல்லாக வந்து, கேப்டனின் பளபளக்கும் ஷூக்களுக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டியது.

நூறு!

அதுவரை சத்தம் போட்டுப் பேசாத பெண்கள் போட்ட கூச்சல் ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும். ரயில் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

ஆமோஸ் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"நான் கூப்பிட்டது உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு சார். வேற யாருக்கோ கை காட்டுறீங்கன்னு நெனச்சேன். பதினோரு வருஷத்துல நான் நல்லா ஆடினப்போ பாராட்டி ஒரு தடவைகூட நீங்க எனக்குக் கை காட்டினதில்லையே."

பெல்லிங்ஹாம் முகம் சிவந்தது.

குழு அன்று மாலையே கூடியது. வாசலில் பெண்கள் கலையாமல் நின்றார்கள். கதவு திறந்ததும் ஹானா கேட்டாள்: "எத்தன வருஷத்துக்கு?"

"ரெண்டு," என்றார் செயலாளர்.

"அப்புறம்?"

"அது அவர் ஆட்டத்தைப் பொறுத்தது."

"அப்ப சரி," என்றாள் ஹானா. "ஆட்டத்தப் பொறுத்துன்னா அவருக்கு ஒரு பயமும் இல்ல."

ஆமோஸ் நாற்பத்திரண்டு வயதுவரை ஆடினான். மேலும் பதினேழு சதம்.